பதினாறு பேட்டரிக்கும் காய்ச்சல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சோலைமலை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய் இல்லை. ஆனால் எதற்குக் கோபம் வரும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஏலக்காய் நிறம் கெட்டால் வரும். வேறு எதற்கும் அவ்வளவாக வராது.

குரங்கணியைத் தாண்டி ஜீப் ரோடு முதல் வளைவு எடுக்கும் இடத்தில் எங்கள் ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சை ஏலக்காயைக் காய வைக்கும் கட்டடத்துக்கு இங்கே அதுதான் பெயர். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் முகைதீன் பிச்சை முதலாளிக்குச் சொந்தம். கீழே அடுப்பில் விறகு எரியும், அது சோலைமலையின் வேலை. அந்தச் சூட்டை ஒரு பெரிய விசிறி இழுத்து உலர்த்தும் அறைக்குள் தள்ளும். அறைக்குள் கம்பி வலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். உள்ளே எவ்வளவு சூடு இருக்க வேண்டும், ஈரக்காற்றை எப்போது வெளியே விட வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஒரு தடவைக்குக் காய வைக்கும் காய் எங்களுக்கு ஒரு லாட்டு; இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு லாட்டுகூட என் கையில் வெளுத்தது கிடையாது. இதை நான் தம்பட்டமாகச் சொல்வேன், சொல்லவும் செய்திருக்கிறேன்.

விசிறி மட்டும் நிற்கக் கூடாது. நின்றால் காய் விட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் திரும்பக் காய் மேலேயே இறங்கிவிடும். பச்சை வெளிறி வைக்கோல் நிறமாகும். ஏல மையத்தில் அந்தக் காயைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களின் முகத்தைப் பார்க்கவே சகிக்காது.

மலையில் மழை பெய்து ஒரு மரம் சாய்ந்தால் போதும், கரண்ட் போய்விடும். முன்பெல்லாம் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. சோலைமலை அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் அதைக் கிளப்புவதற்குள் பத்து நிமிஷம் ஆகும். புகை வாடை வேறு. ஆடி மாதம் முதலாளி அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஷம்னாவைக் கூட்டி வந்தார்.

ஷம்னா முதலாளியின் தெருவில் பிறந்து வளர்ந்த பெண். டிப்ளமா படித்து, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் சார்ஜரும் யூபிஎஸ்ஸும் பழகிவிட்டு, போடியில் சொந்தமாகக் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீடுகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. இது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இன்னும் மூன்று ஸ்டோர்காரர்கள் காத்திருந்தார்கள். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

விசிறிக்கு அடுத்த அறையில் பதினாறு பேட்டரிகளை இரும்பு ஸ்டாண்டில் அடுக்கி, பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டியை நிறுத்தினாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கரண்டு இருக்கும்போது இந்தப் பெட்டி ரெண்டு சோலி பாக்கும்க்கா. ஒரு பக்கம் விசிறிய ஓட்டும், இன்னொரு பக்கம் பேட்டரிய நெரப்பும். பேட்டரி காலியாக் கெடந்தா வெரசா நெரப்பும். நெறஞ்சதுக்கப்புறமும் அப்படியே விட்டுறாது. பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் எறங்கும்ல, அந்த அளவுக்கு மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கும்."

"கரண்டு போனா?"

"விசிறிக்குத் தெரியவே தெரியாது. பேட்டரியில இருந்து எடுத்து ஓடிக்கிட்டே இருக்கும்."

சொன்னதோடு விடாமல் மெயினை அணைத்தும் காட்டினாள். விசிறி ஒரு சொடுக்குகூடத் தடுமாறவில்லை. இரண்டரை மணி நேரம் ஓடியது. அன்றைக்கு நான் அவளுக்கு இரண்டு முறை டீ போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டி, "எதுக்காச்சும் சத்தம் போட்டா இத அமுக்கிட்டு ஒடனே எனக்குப் போன் போடுங்கக்கா" என்றாள். தலையாட்டினேன்.

இனிமேல்தான் என் புத்திசாலித்தனம் வருகிறது.

அந்தப் பெட்டியின் முகத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் வோல்ட் தெரியும், ஆம்பியர் தெரியும், கடைசியில் டிகிரி என்று ஓர் எண்ணும் தெரியும். வோல்ட்டும் ஆம்பியரும் எனக்கு வேண்டாத விஷயம். டிகிரி என் விஷயம். அது எந்நேரமும் இருபத்தாறு, இருபத்தேழு என்று சும்மா காட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து காட்டுகிறது என்று பார்த்தேன். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் வந்து, நுனியில் வெள்ளி மூக்கு வைத்து, சுவரோரப் பேட்டரி ஒன்றின் விலாவில் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

என் அறையின் வெப்பமானி அறைக்குள்ளேயே தொங்குகிறது. அதைப் பார்க்க அரை மணிக்கு ஒரு தரம் சின்னக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும், கண்ணாடி மங்கும், அதைத் துடைத்துவிட்டுப் படிப்பதற்குள் இரண்டு டிகிரி இறங்கியிருக்கும். வெளியே இருந்து படிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று இரண்டு வருஷமாக முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார்.

ஆவணியில் ஒரு நாள் டேப்பைப் பிரித்தேன். விசிறியின் கேபிள் போகும் சுவர் ஓட்டை வழியாக ஒயரை அந்தப் பக்கம் விட்டு, உலர்த்தும் அறையின் நடுத்தட்டில் வெள்ளி மூக்கைக் கட்டிவிட்டேன். ஒயர் அளவெடுத்த மாதிரி எட்டியது. இந்தப் பக்கம் வந்து பார்த்தால் கண்ணாடியில் ஐம்பத்தொன்று. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முக்காலியைப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் உட்கார்ந்த இடத்தில் சூடு பார்த்தது அதுதான் முதல் நாள்.

மறுநாளே பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன், அடங்கிவிட்டது. ஷம்னா சொன்னதில் பாதியைச் செய்தேன். போன் போடும் பாதி மறந்துபோய்விட்டது.

ஐப்பசியில் இடியோடு மழை வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் போனது. நான் பதறவில்லை, விசிறிதான் ஓடிக்கொண்டிருக்கிறதே. இருபது நிமிஷம் ஓடியது. அப்புறம் பெட்டி ஒரு நீளச் சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. விசிறியும் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது. கரண்ட் திரும்ப மூன்று மணி நேரம் ஆனது. ஜெனரேட்டர் இல்லை. சோலைமலை அடுப்பை அவிக்க, நான் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு முறத்தால் விசிறினேன். முறத்தால் விசிறி எங்கே ஆவி போக?

மறுநாள் தட்டை இழுத்துப் பார்த்தபோது அழுதுவிட்டேன். மொத்த லாட்டும் வெளுத்திருந்தது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. முதலாளிக்குப் போன் போட்டு, "அந்தப் பொண்ணு பெட்டின்னு ஒண்ணக் கொண்டாந்து வச்சிருக்கே, அது வெறும் பொம்ம மொதலாளி" என்றேன். அத்தோடு விட்டேனா? குரங்கணி டீக்கடையில் சொன்னேன், ஜீப் ஸ்டாண்டில் சொன்னேன், பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொன்னேன். காத்திருந்த மூன்று ஸ்டோர்காரர்கள் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

முதலாளி ஷம்னாவிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஜீப்போடு வருகிறேன், என்ன கோளாறு என்று அதற்குள் சொல்ல முடியாவிட்டால் பெட்டியையும் பேட்டரியையும் ஏற்றி உன் கடையிலேயே இறக்கிவிடுவேன் என்று.

வியாழக்கிழமை காலையிலேயே ஷம்னா ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பையைத் திறந்து, வேலையில் இறங்கினாள். நான் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. நான் பேசியதெல்லாம் அவள் காதுக்குப் போயிருக்கும்.

பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். உள்ளே மிதவை போட்ட ஒரு கண்ணாடிக் குழாயை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, மிதவை எதுவரை எழும்புகிறது என்று பார்த்துக் குறித்தாள். நிறைந்த பேட்டரியில் மிதவை நன்றாக மேலே நிற்குமாம். பதினாறிலும் அது அடியில் கிடந்தது.

"ஒண்ணு ரெண்டு கெட்டிருந்தா பேட்டரியக் கொற சொல்லலாம்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "பதினாறும் ஒண்ணு போலப் பட்டினி கெடக்குதே. போடுற கையிலதான் கோளாறு."

எழுந்து பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு என்று காட்டியது. பேட்டரி மேல் உள்ளங்கையை வைத்தாள். இன்னொன்றில் வைத்தாள். பிறகு கன்னத்தையே வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு. இது அம்பத்திரெண்டுங்குது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "சென்சார் போச்சா? நானே பாத்துப் பாத்து வாங்குனேனே."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்று.

"அட, அது பேட்டரிச் சூடு இல்ல பாப்பா. என் அறைச் சூடு" என்றேன். ஓட்டைப் பக்கம் கையையும் காட்டினேன். "ஒயர அந்தப் பக்கம் விட்டு மூணு மாசமாச்சு. ரொம்ப வசதியா இருக்கு."

ஷம்னா என்னைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறாள்.

"அக்கா, கோயம்புத்தூர்ல எத்தனையோ கோளாறு பாத்திருக்கேன். இப்படி ஒண்ண ஒருத்தரும் சொல்லித் தரல."

"ஏன், என்ன ஆச்சு?"

"புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா என்ன குடுப்பீங்க?"

"கஞ்சி."

"வயிறு முட்டச் சோறு போட மாட்டீங்கள்ல. பேட்டரியும் அப்படித்தான். சூடா இருக்கும்போது நெறையாக் குடுத்தா உள்ள இருக்க தண்ணி வத்தி வெந்து போயிரும். அதுக்குத்தான் இந்த ஒயரு. பெட்டி இத வச்சுத் தொட்டுப் பாக்கும். சூடு ஏற ஏற, குடுக்குறதக் கொறைச்சிரும்." கண்ணைத் துடைத்தாள். "நீங்க கொண்டுபோயி அடுப்புச் சூட்டுல கட்டிட்டீங்க. மூணு மாசமாப் பதினாறுக்கும் காய்ச்சல்னு நெனச்சு, பெட்டி கஞ்சியா ஊத்திக்கிட்டு இருந்திருக்கு. அதுக திடமா இருந்தும் பட்டினி."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப அந்த லாட்டு…"

இருபத்திரண்டு வருஷத்தில் வெளுத்த ஒரே லாட்டை வெளுக்க வைத்தது நான். அந்தப் பழியை அவள் தலையில் வைத்து மலையடிவாரம் முழுக்கக் கூவி விற்றதும் நான். எனக்கு அவமானமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்பு வாசலுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஷம்னா ஒயரை இழுத்து எடுத்து, பேட்டரியின் விலாவில் திரும்ப ஒட்டினாள். கண்ணாடியில் எண் இறங்கி இறங்கி இருபத்தாறில் நின்றது. பெட்டி உம்மென்று ஒரு புதுக்குரல் எடுத்தது. நிரப்ப ஆரம்பித்துவிட்டதாம். அறை ஜன்னல்கள் இரண்டையும் திறந்து வைத்தாள். வேகமாக நிரப்பும்போது பேட்டரிகள் ஒரு வாயு விடும், அது அறைக்குள் தங்கக் கூடாது என்றாள்.

அப்போதுதான் வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. முதலாளி இரண்டு லோடுமேன்களோடு இறங்கினார். சோலைமலையும் கரிக் கையோடு மேலே வந்து நின்றார்.

"என்னம்மா, கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா. சூடு பாக்குற சென்சாரு எடம் மாறியிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். ரெண்டு நாள்ல பழையபடி நெறைஞ்சிரும்."

"சென்சார மாட்டுனது யாரு?"

ஷம்னா ஒரு கணம் என் பக்கம் திரும்பினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் மாமா மாட்டுனேன்."

"அப்ப ஒன் தப்புதானே." முதலாளிக்குக் குரல் ஏறவில்லை. அவருக்கு ஏறாது, அதுதான் இன்னும் கஷ்டம். "நம்ம தெருப் புள்ளைன்னு நம்பிக் குடுத்தேன். ஒரு லாட்டு போச்சு. அடுத்த லாட்ட வச்சு நீ பரீட்ச பாக்க முடியாதும்மா. ஏத்துங்கப்பா."

லோடுமேன்கள் துண்டைத் தலையில் சுற்றினார்கள். அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் வாயும் திறக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். பெட்டி போனால் போகட்டும், ஜெனரேட்டர் வரட்டும், என் பெயராவது மிஞ்சும் என்றுகூட நினைத்தேன். ஒரு லோடுமேன் முதல் பேட்டரியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"கைய எடுறா!" என்று கத்தினேன். அவன் பயந்து இரண்டு எட்டு பின்னால் போனான்.

"மொதலாளி, அந்தப் புள்ள சரியாத்தான் மாட்டுச்சு. நான்தான் கழட்டுனேன். கழட்டி என் அறைக்குள்ள கட்டிக்கிட்டேன். பெட்டி கத்துச்சு, அதையும் அமுக்கிவிட்டேன். லாட்டக் கெடுத்தது நான்."

லோடுமேன்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"எதுக்கு அன்னக்கொடி?" என்றார் முதலாளி.

"உக்காந்த எடத்துல சூடு பாக்க."

"அதுக்கு ஒரு மானி வேணும்னு எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே! ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்!" அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. "ஆடி மாசங்கூடக் கேட்டேன். பாக்கலாம்னீங்க."

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். திரும்பப் போட்டுக்கொண்டார். பேட்டரிகளைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். அவர் உதட்டோரம் துடித்தது. சோலைமலைதான் முதலில் சிரித்துத் தொலைத்தார். அதற்கப்புறம் முதலாளியாலும் அடக்க முடியவில்லை.

"கேட்டா, கேட்டா" என்றார் சிரிப்போடு. "ஆமா, கேட்டா. ஏம்மா ஷம்னா, ரெண்டு நாள் போதுமா ஒனக்கு?"

"போதும் மாமா."

"அன்னக்கொடிக்கு வெளிய இருந்து பாக்குற மாதிரி ஒரு மானியும் மாட்டிரு. இன்னைக்கே மாட்டு."

நான் உள்ளே போய் டீ போட்டேன். ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டு, முதல் டம்ளரை ஷம்னா கையில் கொடுத்தேன். "ஆத்தா, ஒன்னயப் பத்தி நெறையாப் பேசிட்டேன்" என்றேன். "தெரியும்க்கா" என்றாள். "பேசுன வாய வச்சே திருப்பிப் பேசிருங்க."

பேசினேன். டீக்கடையில், ஜீப் ஸ்டாண்டில், பஸ்சில், முன்பு பேசிய அதே இடங்களில். ஆளுக்கு ஆள் என்னைக் கேலி செய்தார்கள். "என்ன அன்னக்கொடி, பேட்டரிக்குக் கஞ்சி காச்சியாச்சா?" என்று ஜீப்புக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். பதினாறில் பதினைந்து பேட்டரிகள் பிழைத்து எழுந்துகொண்டன. ஒன்றுக்கு மட்டும் உயிர் வரவில்லை, ஷம்னா அதை மாற்றினாள்.

கார்த்திகை முதல் வாரம், காத்திருந்த மூன்று பேரில் ஒருவர் வந்தார். தேவாரம் என்ற ஊர்க்காரர், பெயர் ஒச்சப்பன். மேலே சொந்தமாகச் சின்ன ஸ்டோர் வைத்து, என்னைப் போலத் தானே நின்று காய் காய வைக்கிறவர். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேட்டரியை எண்ணினார். நான் கதையை ஒளிக்காமல் ஆரம்பித்தேன், அவர் காது கொடுத்தால்தானே.

"அதெல்லாம் இருக்கட்டும்த்தா. கரண்டு போனா நெசமா ஓடுமா? ஒரு தடவ நிறுத்திக் காட்டு."

நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எதுக்குண்ணே நிறுத்தணும்? கரண்டு போயிதான கெடக்கு. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல."

சோலைமலை கீழேயிருந்து குரல் கொடுத்தார். "முக்கா மணி நேரமாச்சு!"

ஒச்சப்பன் விசிறியின் மேல் காதை வைத்துக் கேட்டார். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே என் புது மானி நாற்பத்தெட்டு காட்டியது, உள்ளே காய் பச்சை மாறாமல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஷம்னாவுக்கு அந்த இடத்திலேயே போன் போட்டேன்.

அவள் எடுப்பதற்குள் ஒச்சப்பன் பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் குனிந்திருந்தார். கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து ஒயர் போகும் வழியே கண்ணை ஓட்டினார். பேட்டரியின் விலாவை அடைந்தார். அப்புறம் மெதுவாகச் சுவர் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏத்தா அன்னக்கொடி, இந்த ஒயர இப்படி எடுத்து அந்தப் பக்கம் விட்டமுன்னு வையி…"

அவர் கையில் படீரென்று ஓர் அடி போட்டேன்.

போனில் ஷம்னா, "சொல்லுங்கக்கா" என்றாள்.

"தேவாரத்துக்காரருக்குப் பெட்டி மாட்டணுமாம் ஆத்தா. வரும்போது வெளிய இருந்து பாக்குற மானி ஒண்ணையும் சேத்துக் கொண்டா. மானிய மாட்டிட்டு அப்புறம் பெட்டிய மாட்டு."

"ஏன்க்கா?"

"அண்ணன் என்னய மாதிரியே புத்திசாலி" என்றேன்.